இளவரசி சொன்ன ‘உள்ளேன் ஐயா’

ரொம்ப காலத்துக்கு முன்னால் மருங்கை நாடு, மருங்கை நாடு என்று ஒன்று இருந்தது. அதை அதிரவேந்தன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் காலையில் ஒரு ஆசை வரும், சாயங்காலத்துக்குள் மறந்துபோகும். அப்படி ஒரு ஆள்.

ராணி கண்ணை மூடியபிறகு ஒரே மகள் இளவெயினி பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் அரண்மனைத் தூண்களோடு பேசிக்கொண்டு திரிந்தாள். பார்த்த ராஜாவுக்கு மனசு இளகிவிட்டது. “கட்டுங்கள் ஒரு பள்ளிக்கூடம்! ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் என் பெண்ணோடு படிக்கட்டும்!” என்றான். திறந்த அன்றைக்கு உற்சாகம் தலைக்கேறி, “வாத்தியாரே, முதல் பெயர் என் பெயர்! நானும் தினம் வந்து என் மகள் பக்கத்தில் உட்காருவேன்” என்றும் சொல்லிவிட்டான். சபையே கைதட்டியது. இளவெயினிக்கு அன்று சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

பள்ளிக்கூடம் மந்திரி நல்லாதனார் பொறுப்பில் இருந்தது. அது பூதலிங்கர் என்ற பிரதானிக்குப் பொறுக்கவில்லை. மெல்ல ராஜாவின் காதைக் கடித்தார். “மகாராஜா, பிள்ளைகள் இஷ்டத்துக்கு வருகிறார்கள், போகிறார்கள். ஒழுங்கு வேண்டாமா? என்னிடம் விட்டுப்பாருங்கள்.”

ராஜாவும் விட்டான். பூதலிங்கர் சட்டம் போட்டார். மணி அடித்தபிறகு வந்தால் கதவு திறக்காது. ஓலை, எழுத்தாணி இல்லாமல் வந்தால் வெளியே. ஒரு பௌர்ணமியிலிருந்து மறு பௌர்ணமிவரை முகம் காட்டாதவர் பெயர் அடியோடு நீக்கம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால் செம்படவர் வீட்டுப் பாசி வலையை உலர்த்திவிட்டுத்தானே வரமுடியும்? குயவர் வீட்டுச் சடையன் எழுத்தாணிக்கு எங்கே போவான்? கொஞ்சநாள் கதவுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அப்புறம் நிற்கவும் வரவில்லை.

உள்ளே இளவெயினி ஒருத்திதான். வலது கைக்கும் இடது கைக்கும் போட்டி வைத்து அஞ்சாங்கல் ஆடுவாள். “நீ அழுகுணி ஆட்டம் ஆடுகிறாய்” என்று இடது கையைத் திட்டுவாள். திட்டினால் திருப்பித் திட்ட ஆள் வேண்டாமா? அழுகை வரும்.

வாத்தியார் பெயர் கூப்பிடும் நேரம் மட்டும் அவள் நிமிர்ந்து உட்காருவாள். “பாசி!” என்பார். “உள்ளேன் ஐயா” என்று மூக்கால் சொல்வாள். “சடையன்!” என்பார். திக்கித்திக்கி, “உ... உள்ளேன் ஐயா.” யாருக்கும் பெயர் போய்விடக் கூடாதே! வாத்தியாரும் பாவம், தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

ஒருநாள் பூதலிங்கர் ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டார். விடுவாரா? இளவரசியையும் வாத்தியாரையும் நேரே சபைக்கு இழுத்துவந்தார்.

“மகாராஜா, வராத பிள்ளைகளுக்கு இளவரசி குரல் கொடுக்கிறார். இது பொய்! எல்லார் பெயரையும் இன்றே நீக்கவேண்டும்!”

ராஜாவின் முகம் சிவந்தது. இளவெயினி பாவாடை நுனியைக் கசக்கிக்கொண்டு நின்றாள். பாசி, சடையன் பெயர்கூட இல்லாத பள்ளிக்கூடத்தில் இனி எப்படி உட்காருவது என்பதுதான் அவள் கவலை.

நல்லாதனார் எழுந்தார். “பிரதானி சொல்வது நியாயம் மகாராஜா. இங்கேயே பெயர் கூப்பிடுவோம். பதில் இல்லாத பெயரை நீக்குவோம். ஆனால் சட்டம் ஆளுக்கு ஆள் வளையக் கூடாது.”

“வளையாது! இது என் வாக்கு” என்றான் ராஜா.

“பிரதானியாரே, உங்களுக்கும் சம்மதம்தானே?”

“போட்டவனே நான்தானே!” என்று மீசையைத் தடவினார் பூதலிங்கர்.

“அப்படியானால் வாத்தியாரே, கடைசிப் பெயரிலிருந்து மேலே வாருங்கள்.”

வாத்தியார் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் சபை சும்மா இருந்தது. “நீக்கு!” என்றார் பூதலிங்கர். சடையன். “நீக்கு!” சடையன். “நீக்கு!” இளவெயினி தன் பெயருக்கு “உள்ளேன் ஐயா” என்றது யார் காதிலும் விழவில்லை.

மிச்சம் ஒரே பெயர். வாத்தியார் ஓலையையும் ராஜாவையும் மாறிமாறிப் பார்த்தார். “ம், சொல்லும்” என்றார் நல்லாதனார்.

“அ... அதிரவேந்தன்.”

பூதலிங்கர் திறந்த வாயை மூடவில்லை. ராஜா சிங்காதனத்தில் நெளிந்தான். திறந்த அன்றைக்குப் பிறகு அவனும்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. அப்போது குரலைக் கனமாக்கிக்கொண்டு, மீசை வைத்தவர் பேசுவதுபோல் ஒரு பதில் வந்தது.

“உள்ளேன் ஐயா.”

இளவெயினிதான்.

“எனக்காகவும்... தினமுமா சொன்னாய்?”

“ஆமாம்பா. இல்லாவிட்டால் உங்கள் பெயரை எடுத்துவிடுவார்களே. நீங்கள் என்றைக்காவது வந்தால் உட்கார இடம் இருக்காதே.”

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இறங்கிவந்து மகளைக் கட்டிக்கொண்டான்.

“மகாராஜா, வாக்கு?” என்றார் நல்லாதனார் மெதுவாக.

“ஒன்று என் பெயரும் போகவேண்டும், இல்லை எல்லார் பெயரும் திரும்பவேண்டும். அதானே உம் தந்திரம்? திரும்பட்டும்! பள்ளிக்கூடம் இனி உம்முடையது. பூதலிங்கரே, ஒழுங்கு ஒழுங்கு என்றீரே. நாளையிலிருந்து வலை உலர்த்தக் கைகொடுத்து, எழுத்தாணி வாங்கிக்கொடுத்து, பிள்ளைகளைக் கூட்டிவருவது உம் வேலை. கடைசிப் பிள்ளை நுழைந்தபிறகுதான் மணி!”

மறுநாள் வாத்தியார் முதல் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. பாசி, சடையன், எல்லாரும் இளவெயினியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பூதலிங்கர், மீன்வாடை அடிக்கும் வேட்டியோடு, மணிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றார். கடைசி ஆள் இன்னும் வரவில்லையே!

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க ஒருவர் ஓடிவந்து வாசலில் நின்றார்.

“உள்ளேன் ஐயா!”

இளவெயினி நகர்ந்து இடம் விட்டாள். அப்புறம்தான் மணி அடித்தது.