காட்டப்படாத சுரப்பி

வைரவநாதன் கஞ்சியில் மறுபடியும் உப்பை அள்ளிப் போட்டார். எழுந்தபோது தலைசுற்றித் தூணைப் பிடித்துக்கொண்டார். மடத்தின் தலைவி செங்கமலத்தம்மை இதைப் பார்த்தார். வைரவநாதன் உயிரியல் ஆசிரியராக இருந்தவர். தன்னைவிட இளையவரான அம்மையிடம் ஐம்பது வயதில் சீடராகச் சேர்ந்தவர்.

"மாத்திரை போட்டீர்களா?"

"நிறுத்திவிட்டேன் அம்மா. என் உடம்பே என்னை அடிக்கிறது. தம்பியும் இதே நோயில்தான் போனான். எத்தனை காலம் சண்டை போடுவது? தியானத்தில் சமாதானம் செய்துகொள்ளப் பார்க்கிறேன்."

அம்மை எதிரே உட்கார்ந்தார். "மற்றவர்களின் உடம்பு ஏன் அவர்களை அடிப்பதில்லை?"

வைரவநாதனுக்கு வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. "நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. நோயை எதிர்க்கும் அணுக்கள் அங்கேதான் தேறுகின்றன. உடம்பின் உறுப்புகளில் உள்ளதையெல்லாம் அங்கே கொஞ்சம் கொஞ்சம் காட்டுவார்கள்."

"ஈரலையுமா?"

"ஈரல், கண், எல்லாம். அவற்றின்மேல் பாய்கிற அணுவை வெளியே விடுவதில்லை."

"யார் காட்டுவது?"

"ஒரு மரபணு. எனக்கும் தம்பிக்கும் அது பிறவியிலேயே பழுது. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பியை என் அணுக்கள் அங்கே பார்த்ததே இல்லை. வெளியே வந்து பார்த்ததும் எதிரி என்று அழித்துவிட்டன. அந்தச் சுரப்பியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய பொருள் இன்னும் என் இரத்தத்தில் ஓடுகிறது."

"அவற்றுக்கு உங்கள்மேல் கோபமா?"

"கோபமா? இல்லையே. என்னைக் காப்பாற்றுவதாகத்தான்…"

"மாத்திரை அவற்றோடு சண்டை போடுகிறதா?"

"இல்லை. உடம்பில் உப்பும் தெம்பும் தங்க, அழிந்த சுரப்பி தர வேண்டியதை அது தருகிறது."

"தராவிட்டால்?"

"உயிர் தங்காது."

அம்மை எழுந்துபோய், ஆஸ்பத்திரிக்கு வண்டி வரச் சொன்னார். மாத்திரையோடும் தண்ணீரோடும் திரும்பி வந்தார்.

வைரவநாதன் அதை வாங்கவில்லை. "அப்படியானால் நான் யார் என்று அவற்றுக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லையா அம்மா?"

"தெரியாது." அம்மை அவர் உள்ளங்கையைப் பிரித்து மாத்திரையை வைத்தார். "உங்களுக்குமா தெரியாது?"