மூன்று ஞாயிறும் ஒரு டப்பா பெயின்டும்

கடலுக்கும் உப்பளங்களுக்கும் நடுவே ஒரு காலத்தில் ஒரு மைதானம் இருந்தது. வெயில் ஏறினால் பக்கத்து உப்புக் குவியல்கள் தரையை விட்டு எழுந்து மிதப்பது போலத் தெரியும். அதன் மேற்கு ஓரத்தில், இரண்டு பனங்கட்டைகளின் மேல், ஒரு கறுப்புப் பலகை நின்றது. கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் அதில்தான் சாக்பீஸால் எழுதுவார்கள்.

பலகைக்குத் தன்னைப் பற்றி உயர்ந்த எண்ணம் உண்டு. மைதானத்துக்குள் வருகிற எவரும், ஆடுகிறவர்களைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்த்தார்கள். பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள், அல்லது கைதட்டினார்கள். ஆட்டமே தன் மேல்தான் நடக்கிறது என்று பலகை மனசார நம்பியது.

அதற்கு ஒரே ஒரு குறை. சாயங்காலமானால் ஈரத்துணியால் துடைத்துவிடுவார்கள். அத்தனை பேர் பார்த்த எண்கள் சாம்பல் நிறத் தண்ணீராக வழிந்து மண்ணில் இறங்கும். பிறகு பலகை, தன் மேல் எண்கள் அழியாமல் மின்னுவதாகக் கனவு கண்டுகொண்டு நிற்கும்.

அந்த மைதானம் உப்புத்துறை மகளிர் அணிக்குச் சொந்த மைதானம். புரட்டாசி முதல் ஞாயிறு அவர்களுடைய பருவம் தொடங்கியது. ஏழு ஞாயிறு, ஏழு ஆட்டம். எட்டு அணிகளில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கு மட்டும் இறுதி ஆட்டம்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. முதலில் மட்டை பிடிக்கும் ஜெரினா பந்தைத் தூக்கித் தூக்கி அடித்தாள். கச்சான் அதை ஏந்திக்கொண்டுபோய்க் கடல் பக்கத்து எல்லைக்கு அப்பால் போட்டது. மூன்று ஆட்டத்தில் அறுபத்தொன்று, நாற்பத்தெட்டு, எழுபது. சுழற்பந்து வீசும் இசக்கியம்மாளுக்கு எல்லாமே தலைகீழாக நடந்தது. மூன்று ஆட்டத்தில் நூற்று இருபத்து மூன்று ஓட்டம் கொடுத்து ஒரே ஒரு விக்கெட்.

"ஜெரினா தங்கம், இசக்கி தகரம்" என்று மூன்றாம் ஞாயிறு சாயங்காலம் பலகை அறிவித்தது.

ஓரத்தில் கிடந்த பழைய பந்துக்குப் பொறுக்கவில்லை. அன்று நாள் முழுக்க அடிபட்டு அதன் தோல் கிழிந்திருந்தது.

"இசக்கி கையில் இருந்தவன் நான். நான் எங்கே விழ வேண்டும் என்று நினைத்தாளோ, அந்த இடத்துக்குத்தான் அனுப்பினாள். பின்னாலிருந்து கச்சான் தள்ளினால் நான் என்ன செய்வேன்? மூன்றடி தாண்டி, மட்டைக்கு வாகாகப் போய் விழுந்தேன்."

"எண்ணைப் பார்" என்றது பலகை.

ஆடுகளத்தில் விரித்திருந்த கயிற்று விரிப்பு தூக்கக் கலக்கத்தோடு பேசியது. "அவள் பந்தில் மூன்று கேட்ச்சை விட்டார்கள். மூன்றும் என் கண் முன்னால்."

"அதற்கு என்னிடம் கட்டம் இல்லையே."

"ஜெரினா மட்டையின் விளிம்பில் பட்டு நான் எகிறினேனே, அதற்கு?" என்று கேட்டது பந்து. "மயிரிழையில் தப்பித்தாள்."

"அதற்கும் கட்டம் இல்லை" என்று பலகை பொறுமையாகச் சொன்னது. "கட்டம் இல்லாதது நடக்கவில்லை."

காற்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டே உப்புக் குவியல்களைத் தடவிப் போயிற்று. "நான் யாருக்காகவும் வீசவில்லை. வழியில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான்" என்று அது முணுமுணுத்தது பலகையின் காதில் ஏறவில்லை.

பலகையின் கனவு பலித்தது அந்த வாரம்தான். அணியின் செயலாளர் தொம்மை ஒரு டப்பா வெள்ளை பெயின்டோடு வந்தார்.

"மூணு மாட்ச் போதும்மா. யாரு எப்படின்னு தெரிஞ்சுபோச்சு. வாரவன் போறவன் எல்லாம் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பலகையின் மேல் பாதியில் பெரிய எழுத்தில் எழுதினார். ஜெரினா – 179. மற்றவர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. கடைசியில் இசக்கி – 1.

பெயின்ட் குளிர்ச்சியாக இருந்தது, பிறகு இறுகியது. "இனி என்னை யாராலும் அசைக்க முடியாது" என்றது அது. பலகைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அணித்தலைவி பிரகாசி அந்தப் பெயர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள். பிறகு இசக்கியைத் தனியாக அழைத்தாள்.

"இந்த வாரம் நீ உக்காந்துக்கோ இசக்கி. எனக்கும் மனசு கேக்கல. ஆனா என்ன செய்ய?"

"சரிக்கா. போர்டுல எழுதியிருக்கத நானும் பாக்கத்தான செய்யுதேன்."

"சும்மா இருக்க உனக்கு ஒரு மாதிரி இருக்கும். ஸ்கோர் எழுதுதியா?"

இசக்கி தலையாட்டினாள்.

அப்படியாக, பலகைக்குத் துணையாக இசக்கியே வந்து சேர்ந்தாள். உப்பு மூட்டை தைக்கிற வேலை பார்க்கிறவள். விரல் நுனியெல்லாம் வெடிப்பு. ஆனாலும் சாக்பீஸை அழுத்தாமல், கோணாமல் எழுதினாள். தன் இடத்தில் ஆடியவள் விக்கெட் எடுத்தபோதும் அதே நிதானத்தோடு எழுதினாள். இடையிடையே பலகைக்குப் பின்னால் போய், அந்தப் பழைய பந்தை எடுத்து, விரல்களுக்கிடையே சுழற்றிக்கொண்டே இருப்பாள். நான்காம் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, தலைக்கு மேலே சரியாகத் தன் பெயர் இருப்பதை நிமிர்ந்து ஒரே ஒரு தடவை பார்த்தாள். அதற்குப் பிறகு நிமிரவேயில்லை. பலகைக்கு முதன்முதலாக எங்கேயோ ஒரு ஆணி உறுத்தியது.

ஐப்பசி பிறந்தது. ஒரு நாள் மத்தியானம் கச்சான் நின்றுபோனது. மைதானம் மூச்சை அடக்கிக்கொண்டது போல இருந்தது. பிறகு கடலிலிருந்து, ஈர வாசனையோடு, கொண்டல் காற்று மெல்ல நடந்து வந்து பலகையின் முகத்தைத் தொட்டது.

ஐந்தாம் ஆட்டத்தில் ஜெரினா நான்கு ஓட்டம், ஆறாம் ஆட்டத்தில் ஒன்பது. வழக்கம் போலத் தூக்கித்தான் அடித்தாள். பந்து ஆகாயத்தில் தயங்கி நின்று, எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே இறங்கியது. எதிரணிக்காரிகள் பெயின்டில் இருந்த நூற்று எழுபத்தொன்பதைப் படித்துவிட்டு, நாலு பேரை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். அணி இரண்டு ஆட்டத்திலும் தோற்றது. ஏழாவதிலும் தோற்றால் பருவம் அதோடு முடிந்தது.

"என்னம்மா, நூத்தி எழுபத்தொம்பது!" என்று வேலிக்கு வெளியே யாரோ கத்தினார்கள். ஜெரினா மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பலகையைப் பார்க்காமல் நடந்து போனாள்.

"என்னை ஏன் பார்க்க மாட்டேன் என்கிறாள்?" என்று பலகை கேட்டது. "நான் அவளைப் புகழ்ந்துதானே வைத்திருக்கிறேன்?"

காய்ந்த பிறகு பெயின்ட் யாரோடும் பேசுவதில்லை.

ஏழாம் ஆட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மூன்று மணி இருக்கும். இசக்கி பலகையின் கீழ்ப் பாதியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெரினா ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கையில் பெயின்டைத் தேய்த்து எடுக்கிற உப்புத்தாள் நாலு. முக்காலியில் ஏறி, தன் பெயரின் மேல் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"என் பேர அழிக்கேன்."

"கிறுக்கு பிடிச்சிருக்கா? ஊரே பாத்துப் பெருமைப்படுதாவ."

"அவுகளுக்கு என்ன? மட்டையத் தூக்குன உடனே இதுதான் எனக்கு முன்னால வந்து நிக்கி. பந்து எங்க வருதுன்னு தெரியவே மாட்டேங்கு." ஜெரினா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "இத காப்பாத்தணும், காப்பாத்தணும்னு அடிச்சு அடிச்சே அவுட் ஆகுதேன் இசக்கி. அந்த மூணு வாரம் ஆடுனவ யாருன்னே எனக்குத் தெரியல."

பலகைக்கு எரிந்தது. தோலை உரிப்பது போல எரிந்தது. கத்த நினைத்தது. ஆனால் ஜெரினாவின் கண்ணிலிருந்து வழிந்ததை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது. இதற்கும் தன்னிடம் ஒரு கட்டம் இல்லையே என்று நினைத்துக்கொண்டது.

இசக்கி ஈரத்துணியைக் கீழே வைத்தாள். பிறகு கை நீட்டினாள்.

"எனக்கு ஒரு தாள் தா."

"உன்னதையும் நானே அழிச்சிரட்டா?"

"வேண்டாம். என்னத நானே அழிக்கேன்."

இரண்டு பேரும் தேய்த்தார்கள். வெள்ளைத் தூள் அவர்கள் முடியிலும் இமையிலும் படிந்தது. தூரத்து உப்புக் குவியல்களிலிருந்து இறங்கி வந்த இருவர் போல இருந்தார்கள். பெயின்டோடு பழைய கறுப்பும் அங்கங்கே போய், பலகையின் மரம் வெளியே தெரிந்தது. அந்த இடத்தில் கொண்டல் பட்டபோது, எரிச்சல் மெதுவாக வேறு ஏதோ சுகமாக மாறியது.

அப்போதுதான் பிரகாசி வந்தாள்.

"ஐயோ! தொம்மையண்ணன் கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"அக்கா, அது கிடக்கட்டும்" என்றாள் இசக்கி. மூன்று வாரமாக அடக்கிவைத்திருந்தது வெளியே வந்தது. "காத்து திரும்பிட்டு. முதுகுல அடிச்ச காத்து இப்ப மூஞ்சில அடிக்கி. மூணு வாரமா போர்டுக்குப் பக்கத்துல நிக்கவளுக்குத் தெரியாதா? இந்தப் பக்கத்துலேருந்து போட்டா என் பந்து முன்ன மாதிரி ஓடாது, நின்னு இறங்கும். நாளைக்கு எனக்கு ஒரு ஓவர் தாங்க. ஒரே ஒரு ஓவர்."

பிரகாசி பலகையைப் பார்த்தாள். வழக்கமாக அங்கே ஒரு பதில் இருக்கும். இன்று மரம் மட்டும் இருந்தது. அதனால் அவள் இசக்கியின் முகத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று.

"தாரேன். அடி வாங்கினாலும் ரெண்டாவது ஓவரும் தாரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எழுதுவதற்கு ஆள் இல்லை; எழுதுகிறவள் ஆடப் போய்விட்டாள். வந்தவர்கள் பலகையைப் பார்த்து "சே" என்றார்கள். பிறகு வேறு வழியில்லாமல் மைதானத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். பலகையும் அவர்களோடு சேர்ந்து பார்த்தது. இத்தனை வருஷம் அங்கேயே நின்றும், அது ஒரு பந்தையாவது முழுசாகப் பார்த்ததில்லை.

ஜெரினா பந்தைத் தரையோடு தள்ளித் தள்ளி ஓடினாள். இருபத்தேழு எடுத்தாள். அணி நூற்றுப் பத்தில் முடித்தது.

இசக்கியின் முதல் பந்து புறப்பட்டபோது கொண்டல் எதிரே வந்தது. பந்து காற்றில் நின்று, எங்கே இறங்கலாம் என்று யோசிப்பது போலத் தயங்கி, சட்டென்று மட்டைக்கு முன்னால் விழுந்து திரும்பியது. ஸ்டம்ப் சாய்ந்தது. இசக்கியே வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அடுத்த ஓவரில் ஒரு பந்தை எல்லைக்கு விரட்டினார்கள்; இன்னொரு பந்தில் வந்த கேட்ச்சைப் பிரகாசியே கோட்டை விட்டாள். "போகட்டும்க்கா" என்று சொல்லிவிட்டு இசக்கி திரும்பவும் போட்டாள். நாலு ஓவர், பத்தொன்பது ஓட்டம், மூன்று விக்கெட். மூன்றாவது விக்கெட்டுக்கான கேட்ச்சைப் பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடித்தவள் ஜெரினா.

ஐந்து ஓட்ட வித்தியாசத்தில் அணி வென்றது. இரண்டாம் இடம் பிடித்து இறுதி ஆட்டத்துக்குப் போனது.

தொம்மை ஓட்டமும் நடையுமாக வந்தார். "பாத்தியளா, இவதான் நம்ம சிங்கம்! கொண்டாங்க பிரஷ்ஷ!"

"டப்பாவ மூடுங்கண்ணே" என்றாள் பிரகாசி.

இசக்கி சாக்பீஸை எடுத்து, அழுத்தாமல், நடுவரின் நோட்டிலிருந்த அன்றைய எண்களை எல்லாம் எழுதினாள். கடைசி எண்ணை அவள் எழுதி முடிப்பதற்குள் கடல் மேலிருந்து தூறல் வந்துவிட்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டே கொட்டகைக்கு ஓடினார்கள். முதலில் மூன்று வழிந்தது, பிறகு பத்தொன்பது, பிறகு இருபத்தேழு. பலகை எதையும் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை.

மழை விட்டபோது அது வெறும் மரமாக, ஈரமாக நின்றது. அடுத்த ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை.