சபாநடேசனின் குறையில்லாத பியர்

“என்ர பியரில என்ன குறை?” என்று கேட்டார் சபாநடேசன்.

“ஒரு குறையும் இல்லை, அண்ணை” என்றார் ரீச்சர்.

“அப்ப ஏன் ஒருத்தரும் எடுக்கினமில்லை?”

ரீச்சர் குவளைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ரீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவர் அல்ல. பெயர் பிலோமினா. டொரொண்டோவில் நகர பஸ் ஓட்டுகிறார். சபாநடேசனைவிட இருபது வயது இளையவர். ஆனால் அந்த நகரின் ஸ்கார்பரோப் பகுதியில், வீட்டில் பியர் காய்ச்சும் தமிழர்கள் நாலைந்து பேர் கூடினால் நடுவில் அவர்தான் இருப்பார். ஒரு வாய் குடித்துவிட்டு ஒரு சொல் சொல்வார். கேட்டவர் அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மாதம் மண்டையைக் குடைந்துகொள்வார். அதனால் ரீச்சர் ஆகிவிட்டார்.

இந்தக் கூட்டம் காய்ச்சுவது ரை பியர்.

ரை, கோதுமைக்கு உறவான தானியம். வெள்ளைக்காரர் கறுத்த பாண் ரொட்டி சுடுவார்களே, அந்த மாவுக்கான தானியம்தான். பியரில் போட்டால் மிளகுபோல ஒரு காரம் வரும். ஆனால் குணம் பொல்லாதது. சுடுநீரில் கொஞ்சம் கூடிப்போனால் கூழாகும், பிறகு களியாகும், பிறகு பானையின் குழாயை அடைத்துக்கொண்டு ஒரு சொட்டும் இறங்க விடாது.

மாதத்தில் ஒரு ஞாயிறு ரீச்சரின் கராஜில் கூடுவார்கள். ஆளுக்கொரு பெட்டி போத்தல் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும் எல்லோரும் சுவைத்துப் பார்த்து, பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப்போகலாம்.

ஒரே ஒரு சட்டம் உண்டு. ஒருவருடைய பியரைச் சுவைக்கும்போது காய்ச்சியவர் வாய் திறக்கக் கூடாது. எல்லோரும் சொல்லி முடித்த பிறகுதான் அவர் பேசலாம்.

சபாநடேசனுக்கு இந்தச் சட்டத்தால் ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. அவருடைய பியர் வந்தால் “நல்லாயிருக்கு” என்பார்கள். “சுத்தமாயிருக்கு” என்பார்கள். அடுத்த போத்தலைத் திறப்பார்கள்.

வாழ்நாள் முழுக்க மாத்திரைத் தொழிற்சாலையில் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய பியரின் ஊடாகப் பேப்பர் வாசிக்கலாம்.

அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. அவருக்குப் பிறகு கேதீஸின் பியர் வந்தது. கேதீஸ் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். அவன் பியர் கலங்கல். ஒருவர் மிளகு என்றார். ஒருவர் கராம்பு என்றார். குகபாலன் “இதைக் குடிக்கிறதோ, பூசுறதோ?” என்று கேட்டான். கராஜ் இரண்டுபட்டது.

கூட்டம் முடியும்போது கேதீஸின் பெட்டி காலி. சபாநடேசனின் பெட்டி அநேகமாக வந்தபடியே இருந்தது. மரியாதைக்கு ஒருவர் ஒரு போத்தல் எடுத்திருந்தார்.

“கூழைக் கொண்டுபோயினம். பியரை விட்டிட்டுப் போயினம்” என்றார் சபாநடேசன். உண்மையாகவே நொந்துபோயிருந்தார்.

“ரீச்சர், உங்கட ஈஸ்டைத் தாங்கோ. அதிலதான் விசயம் இருக்கு.”

ரீச்சர் உள்ளே போனார். பியரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் போத்தலைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

சபாநடேசன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இவ்வளவு லேசாகக் கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

அடுத்த மாதம்.

“நல்லாயிருக்கு” என்றார்கள். “சுத்தமாயிருக்கு” என்றார்கள்.

“நீங்கள் காய்ச்சுற பானையைத் தாங்கோ” என்றார் சபாநடேசன்.

ரீச்சர் பானையைக் கொடுத்தார். தானே காரில் ஏற்றியும் விட்டார்.

அதற்கடுத்த மாதமும் பெட்டி வந்தபடி திரும்பியது.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். சபாநடேசன் மேடையை இரண்டு தரம் மாற்றிப் பார்த்துவிட்டார்.

“நான் விடப்போறன், ரீச்சர். சாமான் எல்லாத்தையும் விக்கப்போறன்.”

“சரி.”

“சரியோ? என்னட்ட எதையோ மறைச்சுப்போட்டுச் சரி எண்டுறீங்கள்.”

“ஈஸ்ட் தந்தன். பானை தந்தன். இனி என்னட்ட ஒண்டும் இல்லை. உங்களிட்ட என்ன இருக்கு?”

“என்னட்டயோ? ஒண்டும் இல்லை.”

“ரை எவ்வளவு போடுறனீங்கள்?”

சபாநடேசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பத்தில ஒரு பங்கு.”

“ஏன்?”

“கூடப் போட்டா இறுகும்.”

“இறுகினதோ?”

“முதல்முறை காய்ச்சேக்க. குழாயைத் திறந்தா ஒரு சொட்டு வரேல்லை. மனுசி பாத்துச் சிரிச்சவ.”

“அதுக்குப் பிறகு?”

“அதுக்குப் பிறகு இறுகினதே இல்லை” என்றார் சபாநடேசன். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

ரீச்சர் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

“கடைசியா ஒருக்கா காய்ச்சிப்போட்டுச் சாமானை வில்லுங்கோ. நானும் வாறன்.”

ஞாயிறு காலை ரீச்சர் வந்தார். வேலைக்குப் போகும் சீருடையில் வந்தார்.

சபாநடேசனின் கராஜ் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. வெப்பமானி ஒரு பக்கம், தராசு ஒரு பக்கம். பானையில் தண்ணீர் சரியான சூட்டில் நின்றது. அவர் முளைவிட்ட பார்லியைக் கொட்டிக் கிண்டினார். பிறகு கடையில் வாங்கியபடி நிறைந்திருந்த ரைச் சாக்கை அவிழ்த்து, கிண்ணத்தில் அளந்து, தராசில் வைத்தார். கொஞ்சம் கூடிப்போயிருந்தது. இரண்டு விரலால் கிள்ளி எடுத்துத் திரும்பச் சாக்குக்குள் போட்டார்.

ரீச்சர் எழுந்தார்.

சாக்கைத் தூக்கினார். பானைக்கு மேலே பிடித்தார். தலைகீழாகக் கவிழ்த்தார்.

“ரீச்சர்!”

“கிண்டுங்கோ, அண்ணை.”

“விசரோ உங்களுக்கு?”

“கட்டிபடப் போகுது. கிண்டுங்கோ.”

சபாநடேசன் கிண்டினார். கோபத்தில் கிண்டினார். அகப்பை நகர மறுத்தது.

“இது இனி என்ர பியர் இல்லை. சொல்லிப்போட்டன். இது உங்கட பியர்.”

“சரி. கிண்டுங்கோ.”

ஊற வேண்டிய நேரம் ஊறியது. குழாயைத் திறந்தார்கள். ஒன்றும் வரவில்லை. சபாநடேசன் குழாய்க்குள் ஊதிப் பார்த்தார். பானை பெருமூச்சு விட்டதே தவிர ஒரு சொட்டும் தரவில்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்காகவும் முடியவில்லை. களியாக முடிந்திருந்தது.

“கொண்டுபோய்க் குப்பையில ஊத்துறன்” என்றார் சபாநடேசன்.

“ஊத்தேலாது. இது இனி என்ர பியர், நீங்கள்தானே சொன்னீங்கள்?”

“அப்ப நீங்களே இறக்குங்கோ!”

ரீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார். தொப்பியை எடுத்தார்.

“எனக்கு வேலைக்கு நேரமாச்சு.”

“இதை இப்பிடியே விட்டிட்டோ?”

“உமி கேதீஸிட்ட இருக்கு” என்றார் ரீச்சர். காரில் ஏறிப் போய்விட்டார்.

சபாநடேசன் பானையின் முன் நின்றார். கேதீஸின் பியரைக் கூழ் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருந்தார்! அத்தனையும் இப்போது வரிசையாக நினைவுக்கு வந்தன. போனை எடுத்தார். வைத்தார். பானையைப் பார்த்தார். மறுபடியும் எடுத்தார்.

“தம்பி கேதீஸ்... ரை கூடிப்போச்சு. இறுகிப்போச்சு.”

அந்தப் பக்கம் சாவிக்கொத்துக் குலுங்கியது.

“நில்லுங்கோ அண்ணை, வாறன்.”

கேதீஸ் உமி மூட்டையோடு வந்தான். வழியில் குகபாலனையும் ஏற்றிக்கொண்டு வந்தான். பானைக்குள் எட்டிப் பார்த்தான்.

“என்ன அண்ணை, கூழ் காய்ச்சுறீங்களோ?”

சபாநடேசன் அதை விழுங்கிக்கொண்டார். விழுங்க வேண்டியதுதான்.

நீர் வடிய வழிவிடும் என்று உமியைப் போட்டுக் கிளறினார்கள். குழாயில் நூல்போல ஒரு தாரை வந்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். தாரை நின்றுவிட்டது.

“உமியைத் தொடக்கத்திலயே கலந்திருக்க வேணும்” என்றான் கேதீஸ். “இப்ப பிந்திப்போச்சு. வேட்டி இருக்கோ?”

“என்னத்துக்கு?”

“பிழிவம்.”

“பிழியிறதோ? கையாலயோ?”

“வேற என்னத்தால? பிறகு கொதிக்க வைக்கத்தானே போறம். ஒண்டும் செய்யாது.”

சபாநடேசன் போய்த் திருவிழாவுக்கென்று மடித்து வைத்திருந்த வேட்டியைக் கொண்டுவந்தார். சூடு கொஞ்சம் ஆறியதும் களியை அள்ளி வேட்டியில் போட்டார்கள். ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கினார்கள். களி வழுக்கிக்கொண்டு போய்க் குகபாலனின் காலில், சப்பாத்தின் மேல் விழுந்தது.

சத்தம் கேட்டுச் சபாநடேசனின் மனைவி பவளராணி கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். பானையைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். புருசனின் முழங்கை வரை ஒட்டியிருந்த களியைப் பார்த்தார்.

சிரித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“தள்ளுங்கோ. தேங்காய்ப்பால் பிழியத் தெரியாத ஆம்பிளையள்.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேட்டியின் முனையைப் பிடித்தார். புருசனைப் பார்த்து, “நீங்கள் அந்தப் பக்கம் முறுக்குங்கோ. இன்னும். இன்னும்.”

பழுப்பாக, கெட்டியாக, ஊற்றுப்போலச் சாறு இறங்கியது. கேதீஸ் கத்தினான். குகபாலன் கத்தினான். சபாநடேசனும் கத்தினார். தான் கத்துவது அவருக்கே புதிதாக இருந்தது.

பிறகு கொதித்தது, ஆறியது, ஈஸ்ட் தன் வேலையைப் பார்த்தது. சபாநடேசன் போத்தலில் அடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். போத்தலுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

கூட்டத்து ஞாயிறு வந்தது. காரில் போகும்போது ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டே போனார். பேசும் முறை வந்ததும் சொல்ல வேண்டியது: இது என்ர பியர் இல்லை, சாக்கைக் கொட்டினது ரீச்சர், பிழை அவவின்ர.

போத்தல்களைத் திறந்தார்கள். ஊற்றினார்கள். சபாநடேசன் சட்டப்படி வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் உட்கார்ந்தார்.

எல்லோரும் ஒரு வாய் குடித்தார்கள்.

“இது பியரே இல்லை” என்றார் ஒருவர்.

“பின்ன என்ன?”

“தெரியாது. ஆனா மற்றப் போத்தலையும் திறவுங்கோ.”

“தொண்டையில ஏறிப் பிடிக்குது.”

“பிடிக்கட்டும். அதுதான் ரை.”

“கனம் கூடிப்போச்சு. ஒரு போத்தல் குடிச்சா இரவுச் சாப்பாடு தேவையில்லை.”

“உமக்குத் தேவையில்லையெண்டா உம்மட பங்கை இஞ்சால தாரும்.”

குறைகள் வந்துகொண்டே இருந்தன. கலங்கல், வழுவழுப்பு, நுரை அடங்கவில்லை. மாத்திரைத் தொழிற்சாலையில் இவ்வளவு குறையோடு ஒன்று வந்திருந்தால் சபாநடேசன் அந்தத் தொகுதியையே எரிக்கச் சொல்லியிருப்பார். இப்போது ஒவ்வொரு குறைக்கும் ஒரு குவளை நீள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் சொல்லி ஓய்ந்தார்கள்.

“இனி அண்ணை கதைக்கலாம்” என்றார் ரீச்சர்.

சபாநடேசன் எழுந்தார். தொண்டையைச் செருமினார். மேசையைப் பார்த்தார். அவருடைய பெட்டியில் ஒன்றுமில்லை. குகபாலன் எதையோ கோட்டுக்குள் செருகிக்கொண்டிருந்தான்.

“முதல்ல இதைச் சொல்லுங்கோ” என்றான் கேதீஸ். “ரை எவ்வளவு போட்டனீங்கள்?”

“முழுச் சாக்கும்.”

“முழுச் சாக்கையுமோ! எந்த விசரன் கொட்டினது?”

கராஜ் முழுக்கச் சிரித்தது. ரீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. குவளையின் அடியில் மிஞ்சியிருந்ததைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

“நான்தான்” என்றார் சபாநடேசன். “நான்தான் கொட்டினனான்.”

எல்லோரும் நம்பாமல் ரீச்சரைப் பார்த்தார்கள்.

“ஓம்” என்றார் ரீச்சர். “நான் பக்கத்திலதான் நிண்டனான்.”