விழாத பாப்பா

ஒரு நாட்டுல ஒரு பிரதம மந்திரி இருந்தாங்களாம். பேரு திலகவதி. என்னடி முழிக்கிற? பிரதம மந்திரின்னா ஆம்பளையாத்தான் இருக்கணுமா? போர்வையை இழுத்துக்கோ. "ம்" சொல்லு.

"ம்."

அவங்களுக்கு ஒரு பாப்பா, செம்பா. ஒண்ணரை வயசாகியும் நடக்கல. ஊர் சும்மா இருக்குமா? எதிர்க்கட்சிக்காரர் மைக்கைப் பிடிச்சு, "பெத்த பிள்ளையை நடக்க வைக்கத் தெரியல, இவங்க நாட்டை நடத்துறாங்களாம்! ராஜினாமா பண்ணிட்டு வீட்டைப் பாக்கட்டும்!"னு கத்தினார். திலகவதிக்கு முன்னாடி அந்தப் பதவியில இருந்த ஆளுக்கு அஞ்சு பிள்ளைங்க. அதுங்க எப்போ நடந்துச்சு, யாரு மூக்கைத் தொடைச்சாங்கன்னு ஒருத்தராவது கேட்டாங்களா?

"சித்தி... கதை."

சரி, சரி. அப்புறம் திலகவதிக்கே பயம் வந்துடுச்சு. "நான் வீட்டுல இல்லாததுதான் காரணமோ? சுதந்திர தினத்துக்குள்ள இவ நடக்கலேன்னா பதவியை விட்டுடறேன்"னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னாங்க. அவர் பேரு மாசிலாமணி. பருப்பு சாதம் பிசைஞ்சு ஊட்டுறது, குளிப்பாட்டுறது எல்லாம் அவர்தான். அவரை யாராவது ஒரு கேள்வி கேட்டாங்களா? மூச்!

"ம்."

முதல்ல டாக்டர் வந்தார். முட்டியில டொக் டொக்னு தட்டினார். "காலு கல்லு மாதிரி உறுதியா இருக்கும்மா, ஒரு குறையும் இல்ல"ன்னு போயிட்டார்.

அப்புறம் மாசிலாமணி சளக் சளக்னு எண்ணெய் தேய்ச்சார். செம்பா மீனு மாதிரி வழுக்கி ஓடினா. எப்படி? தவழ்ந்துதான்!

அப்புறம் நடைவண்டி வாங்கினாங்க. வாசல்லயே காவலர்கள் சக்கரத்தைக் கழட்டி, மோப்ப நாயை விட்டு மோந்து பாக்க வச்சு, திருப்பி மாட்டி உள்ள அனுப்பினாங்க. அதோட விட்டாங்களா? வண்டிக்கு முன்னாடி ரெண்டு காவலர், பின்னாடி ரெண்டு காவலர். செம்பா என்ன பண்ணினா தெரியுமா? வண்டி மேல ஏறி உக்காந்து, ஊர்வலம் போற மாதிரி கையை ஆட்டினா!

"ஹிஹி."

சிரிக்காத, தூக்கம் போயிடும்.

அப்போ ஒரு நாள் சாயங்காலம் கூட்டம் சீக்கிரமே முடிஞ்சு, திலகவதி நேரா தோட்டத்துக்கு வந்தாங்க. புல்லுல செம்பா எழுந்து நின்னா. லேசா தள்ளாடினா. சர்ர்ருனு நாலு பக்கத்துலேருந்தும் கைங்க பாஞ்சு வந்து அவளைத் தாங்கிடுச்சு! காவல் தலைவர் கருத்திருமன் டக்குனு சல்யூட் அடிச்சார்.

"பொறந்ததுலேருந்து பாப்பாவை ஒரு தடவைகூட விழ விட்டதில்லம்மா!"

"ஒரு தடவைகூடவா?"

"என் உயிர் இருக்கிற வரைக்கும் விடமாட்டேம்மா!"

திலகவதி தலையில கையை வச்சுக்கிட்டாங்க. தினம் பாத்த மாசிலாமணிக்கும் இது உறைக்கவே இல்ல பாரு.

"எல்லாரும் கையைப் பின்னால கட்டிக்கிட்டு உக்காருங்க."

"அடிபட்டா என் வேலை போயிடும்மா!"

"இப்படியே விட்டா என் வேலை போயிடும்யா. உக்காரு!"

உக்காந்தாங்க. செம்பா எழுந்தா. யாருமே வரலியேன்னு சுத்திப் பாத்தா. தொப்பு! கருத்திருமன் பாதி எழுந்துட்டார். "உக்காருய்யா!"

திரும்ப எழுந்தா. பொத்து! முட்டியில கீறல். "ங்ஙே..."ன்னு அழுதா பாரு, இந்தத் தடவை திலகவதியோட கையே தானா நீண்டுடுச்சு. மாசிலாமணி அதைப் பிடிச்சுக்கிட்டார். "கொஞ்சம் பொறு, திலகா."

அப்போ மூணாவது தடவை... தூங்கிட்டியா?

"...ம்."

மூக்கை உறிஞ்சிக்கிட்டே எழுந்தா. தத்தக்கா, பித்தக்கா, தத்தக்கா, பித்தக்கா. அம்மாவைத் தாண்டினா. அப்பாவைத் தாண்டினா. நேரா கருத்திருமன் மடியில போய் விழுந்தா!

அவ்வளவு பெரிய மனுஷன், கண்ணுல தண்ணியா கொட்டுது. ஆனா கை மட்டும் பின்னாலயே இருக்கு. "அம்மா... இப்போ கையை எடுக்கலாமாம்மா?"

திலகவதிக்கு எங்க அது காதுல விழுந்துச்சு? அவங்க புடவைத் தலைப்புல முகத்தைப் புதைச்சுக்கிட்டுல்ல அழுதுக்கிட்டு இருந்தாங்க.

மறுநாள் காலையில எப்பவும்போல நாட்டைப் பாக்கக் கிளம்பிட்டாங்க. கதையும் கொட்டாவி விட்டுடுச்சு. கண்ணை மூடு செல்லம்.