திருவாதிரைக்கு ஒரு கணம்

ஆயர்மலை உச்சியில் நப்பின்னை அம்மையார் ஒரு விண்மீன் பள்ளி நடத்திவந்தார். ஒளி கூடிக் குறையும் விண்மீனை, ஒளி மாறாத அண்டை விண்மீனோடு ஒப்பிட்டு அளவு சொல்வதே அங்கே பாடம். எல்லாரும் பார்த்து முடிக்கும்வரை எவரும் தம் அளவை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது அங்குள்ள நெறி.

மாணவர்களில் மூத்தவர் மாசிலாமணி. ஓய்வுபெற்ற நீதிபதி, ஆசிரியரைவிட வயதில் பெரியவர். சில நாட்களாக அவர் சொல்லும் அளவு மட்டும் தனித்து நின்றது. திருவாதிரை மங்குகிறது என்றார்கள் மற்றவர்கள். ஒளி கூடுகிறது என்றார் அவர்.

"ஐயா பிறந்த நட்சத்திரமாயிற்றே! தீர்ப்பு சாதகமாகத்தான் வரும்," என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் விண்மீன்கள் முளைத்ததும் தனியே அம்மையாரிடம் வந்தார்.

"அம்மா, மறைக்காமல் சொல்லுங்கள். என் கண் கெட்டுவிட்டதா? கெட்டிருந்தால் காலையிலேயே பெட்டியைக் கட்டிவிடுகிறேன். பொய் அளவு சொல்லிக்கொண்டு இங்கே இருக்க மாட்டேன்."

"திருவாதிரையை எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள்?"

"கண்ணில் நீர் வரும்வரை."

"ஒப்பிடும் ரோகிணியை?"

"அதில் என்ன இருக்கிறது? ஒரு கணம்."

"நீதிமன்றத்திலும் இப்படித்தானா? ஒரு தரப்புக்குப் பகல் முழுதும், மறுதரப்புக்கு ஒரு கணமும்?"

"அப்படிக் கேட்டிருந்தால் அந்த நாற்காலியில் என்னை உட்கார..." மாசிலாமணி பாதியில் நிறுத்தினார்.

"திருவாதிரை போன்ற சிவந்த விண்மீனை உற்றுப் பார்க்கப் பார்க்க அது கண்ணுக்குள் ஒளி கூட்டிக்கொள்ளும். உங்கள் கண்ணில் பழுதில்லை, ஐயா."

அம்மையார் ஓர் அட்டையால் அவர் கண்களை மறைத்தார். ரோகிணிக்காக ஒரு கணம் விலக்கினார், மறைத்தார். திருவாதிரைக்காக ஒரு கணம் விலக்கினார், மறைத்தார்.



"மங்கித்தான் இருக்கிறது," என்றார் மாசிலாமணி. "ரோகிணியைவிடக் குறைவு. இத்தனை நாளும் தவறாகவே சொல்லியிருக்கிறேன். பெட்டியைக் கட்டட்டுமா, அம்மா?"

அம்மையார் அட்டையை அவர் கையில் கொடுத்தார்.

"தம் நட்சத்திரம் மங்கியது என்று சொல்லத் தெரிந்தவரை நான் எதற்கு அனுப்ப வேண்டும்? போங்கள், ஐயா. மற்றவர்கள் பார்த்து முடித்திருப்பார்கள். உங்கள் அளவுக்காகத்தான் வாய்திறக்காமல் இருக்கிறார்கள்."