குமிழியின் வலப்பக்கம்

அல்லிக்குளத்துப் பள்ளியில் கொக்கு மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது. ஆமை முக்குளிக்கக் கற்றுக்கொடுத்தது. எதிரியிடமிருந்து தப்பி ஒளியக் கற்றுக்கொடுத்தது தவளை. ஒருவர் வகுப்பில் இன்னொருவர் மூக்கை நுழைப்பது மரியாதை இல்லை என்பது அங்கே வழக்கம். மரியாதைக்கு மட்டும் குறைச்சலே இல்லை!

குமிழி என்ற முக்குளிப்பான் பறவைக் குஞ்சு எந்தப் பாடத்திலும் தேறவில்லை. வலப்பக்கம் நீந்தும் மீனை அது திரும்பிக்கூடப் பார்க்காது.

"அவ்வளவு திமிரா? போய் ஒத்தக்கால்ல நில்லு!" என்று கொக்கு சீறியது.

கொக்குக்கு ஒற்றைக்காலில் நிற்பது ஓய்வு. பாவம், குமிழிக்கு உயிர் போகிற தண்டனை.

ஒருநாள் பருந்து பாய்ந்தது. மற்ற குஞ்சுகள் சட்டென்று நீருக்குள் மறைந்தன. குமிழி மட்டும் மிதந்துகொண்டே இருந்து பருந்தின் பிடியில் சிக்கியது. கொக்கு அலறியடித்துக்கொண்டு பறந்துபோய்க் கொத்தியதால் பருந்து பிடியை விட்டது. குமிழியின் முதுகில் ரத்தம் கசிந்தது.

கொக்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தவளை வாத்தியாரே! ஒளியக்கூடவா சொல்லித் தரல?"

"சொல்லித் தராம என்ன? இடப்பக்கம் நிழல் விழுந்தா முதல்ல ஒளியறதே அவதான்! வலப்பக்கம்னா அசைய மாட்டா. பிடிவாதம்னு நினைச்சேன்."

ஆமை தலையை மெல்ல நீட்டியது. "என் வகுப்புல வலப்பக்கம் இருக்கிற அல்லித்தண்டுல போய் முட்டிக்குவா. கவனம் இல்லைன்னு திட்டினேன்."

கொக்குக்குச் சட்டென்று பொறி தட்டியது. வலப்பக்கத்து மீன்! குமிழிக்கு வலக்கண் தெரியவில்லை! இது மூவர் கண்ணிலும் பட்டிருந்தது. ஒருவரும் மற்றவரிடம் வாய் திறக்கவில்லை.

அன்றே மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். நீந்தும்போது குமிழியின் வலப்பக்கம் ஒரு தோழி வரவேண்டும் என்றது தவளை. அடிக்கடி தலையைத் திருப்பிப் பார்க்க மூன்று வகுப்பிலும் பழக்கலாம் என்றது ஆமை. கொக்கு தலை குனிந்தபடி குமிழியிடம் போனது.

"என்னை மன்னிச்சிடும்மா. வலப்பக்கம் தெரியலைன்னு ஏன் சொல்லவே இல்ல?"

குமிழி வியப்போடு கேட்டது: "மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டு பக்கமும் தெரியுமா சார்?"

கொக்கு வெட்கத்தால் கூனிக்குறுகிப் போனது.

தடுமாறும் பிள்ளையை ஆளுக்கொரு பக்கம் திட்டாமல், ஆசிரியர்கள் தாங்கள் கண்டதைக் கூடிப் பேசினால்தான் அதன் துன்பம் அவர்களுக்கு விளங்கும்.