பாயசம் கடைசி இலைக்குப் போன கதை

தானிய வியாபாரிகளின் சங்க மண்டபம் இருநூறு வருசத்துப் பழசு. அங்கே நடக்கும் வருசாந்திர விருந்துக்கு இரண்டு கட்டுப்பாடு. தலைவர் எழுந்தால் எல்லோரும் எழுந்துவிட வேண்டும். பந்தியில் யாரும் "போதும்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் வியாபாரம் படுத்துவிடுமாம். இலையைக் கையால் மறைப்பதும் அதே பாவம்.

தலைவர் தாண்டவராயர் கால் மணி நேரத்தில் வழித்துவிட்டு எழுந்துவிடுவார். கடைசி இலைக்காரர்கள் சாம்பாரோடு எழுந்து, பாயசத்தை மோந்து பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள்.

இந்த வருசம் அவர், சோறு பரிமாறும் மரகதத்தை எல்லோர் முன்னாலும் அதட்டினார். "போன தடவை பாதி இலையில் சோறு கிடந்தது! இன்றைக்கு எந்த இலையிலாவது ஒரு பருக்கை மிஞ்சினால் உனக்கு இங்கே வேலை கிடையாது."

"எந்த இலையிலுமா, ஐயா?"

"என் இலை உள்பட!"

"ஆகட்டும், ஐயா."

தாண்டவராயர் மோர்ச்சோற்றை முடித்து எழப் போனார். மரகதம் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

"ஐயா இலையில சோறு இருக்கே! ஒரு பருக்கை மிஞ்சக் கூடாதுன்னு ஐயாதானே சொன்னீங்க?" என்றாள்.

விழுங்கிவிட்டு எழப் போனார். இன்னொரு கரண்டி விழுந்தது. "போ..." என்று ஆரம்பித்தவர், பந்தியே திரும்பிப் பார்த்ததும், "போ... போடு" என்று முடித்தார்.

பத்தாவது கரண்டியில் வேட்டியைத் தளர்த்திக்கொண்டார். "தாயி, எப்பதான் என்னை விடுவே?"

"கடைசி இலைக்குப் பாயசம் போய்ச் சேரட்டும், ஐயா."

போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ஒரு குரல் குஷியாகக் கேட்டது: "மரகதம், பாயசம் இன்னொரு தடவை வரட்டும்!"

"போதும்! போதும்!" என்று அலறினார் தாண்டவராயர். மண்டபமே சிரித்து உருண்டது. யார் வியாபாரமும் படுக்கவில்லை.

அடுத்த வருச விருந்தில் தாண்டவராயர் உட்காரும் முன்பே மரகதத்தின் காதோடு கேட்டார்:

"கடைசி இலைக்கு முதல்ல போட்டாச்சா?"